நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும்

"காரம் பத்தாது சோப்பண்ணே. இது வேலைநிறுத்த லெட்டரா, லீவு லெட்டரா?" என்றார் கேப்டன்.

சோப்பண்ணன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் திரும்ப வாங்கினார். பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த அந்தச் சலவை அறையில் மூன்று வாஷிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கால்பந்து அணியில் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரின் சட்டையையும் துவைப்பதும், பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுவதும் பதினாலு வருடமாக அவர் வேலை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் அது இல்லாததால் கிளப்பில் யாருக்கும் தெரியாது.

மேட்ச் நடந்தால் அவருக்குக் கூலி. நடக்காவிட்டால் கிடையாது. சீசன் முடிந்து வரும் மூன்று மாதமும் மச்சினனின் சலவைக் கடையில் போய் நிற்க வேண்டும். "மாமா, காலரைப் பாருங்க மாமா!" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே அவன் பாடம் நடத்துவான். ஒரு நிரந்தர வேலை மட்டும் கிடைத்துவிட்டால் அந்தக் கடைப் படியை மிதிக்க வேண்டாம். அதற்காக வருடத்துக்கு ஒன்றாகப் பதினாலு மனு கொடுத்திருந்தார். அதனால் அவருக்குக் கிடைத்த ஒரே பலன், கையெழுத்து அழகானதுதான்.

அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் கேப்டன் வந்திருந்தார்.

"அடிபட்டுப் படுத்தா பாதிச் சம்பளம்தான் தர்றாங்க. பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுவும் இல்ல. நியாயமா இது?"

"நியாயமே இல்ல தம்பி."

"அப்ப உறைக்கிற மாதிரி எழுதுங்க."

நியாயம்தான். ஆனால் இவர்கள் விளையாடாமல் உட்கார்ந்தால் முதலில் காயப்போவது தன் வயிறு என்பதும் சோப்பண்ணனுக்குத் தெரியும். அதனால் விஷயம் சீக்கிரம் முடியட்டும் என்று, காரத்தைக் கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் தூவினார். 'எங்கள் முழங்கால்கள் உங்களுடையவை என்றால், அவற்றின் வலியும் உங்களுடையதே.'

கேப்டன் அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் அதே கடிதம், டைப் அடித்துக் கிடந்தது. மாட்டிக்கொண்டோம் என்று சோப்பண்ணன் வாசலிலேயே நின்றார்.

"பசங்க பெரிய வக்கீலாப் பார்த்து வெச்சுட்டானுங்க, சோப்பு. நமக்கும் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். நீதான் வருஷா வருஷம் எனக்கு மனு குடுக்கிறியே, நீயே பதில் எழுதிடு."

"சார், என் மனுவையெல்லாம் படிச்சீங்களா?"

"கையெழுத்து அழகா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு எப்போதுமே அது வருவதில்லை. சலவை அறைக்குத் திரும்பி, அழுக்குக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். குழப்பம் வராமல் இருக்க வீரர்களுக்கு நீலப் பேனா, நிர்வாகத்துக்குக் கறுப்புப் பேனா என்று பிரித்துக்கொண்டார். கறுப்புப் பேனாவால் பூப்போல ஒரு பதில் எழுதினார். 'உங்கள் கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்கிறோம்.' இதைப் பார்த்தால் பையன்கள் மனம் இறங்கி நாளைக்கே விளையாடப் போய்விடுவார்கள்.

கடிதங்களை டைப் அடிக்கத் தெருமுனைக் கடைக்குக் கொண்டு போவது டிரைவரின் வேலையாகிவிட்டது. அணியின் பேருந்தை ஓட்டுபவர் அவர். அவருக்கும் மேட்ச் நடந்தால்தான் கூலி. பேருந்து சும்மா நின்றதால் அவரும் சும்மா இருந்தார்.

பதிலைப் படித்த கேப்டனின் முகம் மலர்ந்தது.

"பயந்துட்டாங்க பார்த்தீங்களா! கனிவாம்! அண்ணே, இன்னும் நாலு கோரிக்கை சேர்த்து எழுதுங்க."

சேர்த்து எழுதினார். அதைப் படித்த மேனேஜர் குதித்தார்.

"இடம் குடுத்தா மடத்தைப் புடுங்கறானுங்க! கறாரா எழுது!"

இந்த முறை பையன்களைக் கொஞ்சம் மிரட்டினால்தான் வழிக்கு வருவார்கள் என்று சோப்பண்ணனுக்கும் தோன்றியது. 'பந்து உருண்டையானது, அதை உதைக்க ஆயிரம் கால்கள் காத்திருக்கின்றன' என்று கறுப்புப் பேனா எழுதியது. எழுதும்போது வரி அவருக்கே பிடித்திருந்தது. அன்று மாலை உடைமாற்றும் அறையில் கேப்டன் அதை உரக்கப் படித்தபோது, கூட்டத்தில் நின்றிருந்த சோப்பண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. என்ன திமிர் இருந்தால் இப்படி எழுதுவான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். கோல்கீப்பர் வாளியை உதைத்தார். துவைத்து அடுக்கியிருந்த இருபத்திரண்டு சட்டைகளின் மேல் சோப்புத் தண்ணீர் கொட்டியது.

அந்த வார மேட்ச் ரத்தானது. அடுத்த வார மேட்சும் ரத்தானது. இரண்டு வாரக் கூலி போனது. சட்டைகளை மறுபடி துவைத்ததற்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

மச்சினன் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தபோது அவன் கேட்டான். "என்ன மாமா, சீசன் நடுவுலயே வந்துட்டீங்க?"

"சும்மா, உன்னைப் பார்க்கணும்னு தோணுச்சு."

"பார்த்துட்டீங்கல்ல? அந்தக் காலரைப் பாருங்க."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் எழுதறதும் நீங்க. இந்தப் பக்கம் எழுதறதும் நீங்க. உங்களோட நீங்களே சண்டை போட்டுட்டு ஊரைப் பட்டினி போடறீங்களே! ஒரு சமாதானத்தை எழுதித் தொலைங்க. அதுல உங்களுக்குன்னு ஒரு வரி எழுதினா கை தேஞ்சுடுமா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மறுநாள் இரண்டு பேனாவையும் ஓரம் கட்டிவிட்டு, பென்சிலை எடுத்து ஒப்பந்தம் எழுதினார். அடிபட்டவனுக்கு முழுச் சம்பளம். பெஞ்சில் இருப்பவனுக்கும் மேட்ச் பணம். பயிற்சிக்கு ஒழுங்காக வரவேண்டும். பத்திரிகைக்காரர்களிடம் போய்ப் புலம்பக் கூடாது. இருவருக்கும் கொஞ்சம் வலிக்கிற மாதிரி, இருவருக்கும் கொஞ்சம் இனிக்கிற மாதிரி பதினொரு அம்சம் எழுதினார். பிறகு அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பன்னிரண்டாவதை எழுதினார். 'அணியின் சலவைப் பொறுப்பாளர் உடனடியாகப் பணி நிரந்தரம் செய்யப்படுவார்.'

எழுதிய வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. கூடவே கூச்சமும் வந்தது. இரண்டு பக்கமும் நம்பிக் கொடுத்த காகிதத்தில் தன் பிழைப்பைச் சொருகலாமா? நாளைக்குக் கேப்டன் பார்த்து, 'இதுக்குத்தானா அண்ணே?' என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது? முதலில் சண்டை தீரட்டும். யாரால் தீர்ந்தது என்று அவர்களுக்கே தெரியும், அவர்களே கூப்பிட்டுச் செய்வார்கள்.

வரியின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் இருந்த 12 என்ற எண்ணை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

"அடிச்சது அடிச்சதுதானாண்ணே?" என்று டிரைவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அடிச்சது அடிச்சதுதான். அது வேணாம்."

எதிர்ப்பக்கம்தான் இறங்கி வந்து எழுதியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்ள, மறுநாள் மேனேஜர் அறையில் கையெழுத்து நடந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். கேப்டன் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். மேனேஜர் அந்தக் கடைசிப் பக்கத்தையும் பாதிதான் புரட்டினார்.

"பன்னெண்டையும் ஒத்துக்கிட்டாச்சு. திருப்தியா?" என்றார் மேனேஜர்.

"நாங்களும்தான் உங்க பன்னெண்டையும் ஒத்துக்கிட்டோம்," என்றார் கேப்டன்.

இரண்டு பேருக்குமே எண்ணத் தெரியவில்லை என்று சுவரோரம் நின்ற சோப்பண்ணன் நினைத்துக்கொண்டார். புகைப்படம் எடுக்கும்போது, பின்னால் ஈரத் துண்டு தெரிகிறது என்று அவரை நகரச் சொன்னார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அடுத்த நாளும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் போனது. வெட்கத்தை விட்டுப் பதினைந்தாவது மனுவை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மேட்ச். சட்டை மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பேருந்தில் ஏற்றினார். இடுப்பு விட்டுப்போனது. டிரைவர் இறங்கி வந்து கை கொடுத்தார். அவர் கழுத்தில் புத்தம் புதிதாக ஓர் அடையாள அட்டை ஆடியது. கிளப்பின் முத்திரை, புகைப்படம், கீழே கொட்டை எழுத்தில் 'நிரந்தரப் பணியாளர்'.

சோப்பண்ணனின் கையிலிருந்து மூட்டை நழுவியது.

"என்னய்யா இது? பதினாலு வருஷமா நான் மனு குடுக்கிறேன். நீ வந்து மூணு வருஷம்கூட ஆகலை. யாரைப் பிடிச்சே?"

டிரைவர் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். பாவமாக அவரைப் பார்த்தார்.

"யாரையும் பிடிக்கலைண்ணே. பன்னெண்டாவதுல நீங்க வேணாம்னு அடிச்சிட்டீங்க, நம்பர் மட்டும் சும்மா நின்னுட்டு இருந்துச்சு, அதான் டைப் அடிக்கிற பொண்ணுகிட்ட சலவைக்குப் பதிலா டிரைவர்னு போடச் சொன்னேன்."