ரோலர் கான்டாக்டர் பற்றி மாப்பிள்ளைக்கு

எஹலியகொட, தேயிலை ஃபேக்டரி,
1936 ஐப்பசி 14

கொழும்பில் மின்சாரச் சாமான் கடையில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை முத்துவீரன் அவர்களுக்கு, மாமன் நல்லையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மூக்காயியும் சுகம். ரோலர் மட்டும் சுகமில்லை. மகள் இலட்சுமியும் நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி, உங்கள் கடை எனக்குச் செய்த துரோகத்தைக் கேளுங்கள்.

கொழுந்து அரைக்கும் ரோலருக்குக் கான்டாக்டர் கேட்டு எழுதினேன் அல்லவா? பொத்தானை அழுத்தினால் உள்ளே காந்தம் 'டக்' என்று இரும்பை இழுத்து மோட்டருக்குக் கரண்டு விடுமே, அதுதான். அப்போதே இரத்தினபுரியிலிருந்து வந்த வயர்மேன் காமில், "அண்ணே, பத்துக் குதிரை மோட்டர். பத்துக் குதிரைக்குள்ளது போதும்" என்றான். "தம்பி, அது ஓடும்போது பத்து. கெளம்பும்போது ஆறு மடங்கு இழுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவ நிறுத்தி எடுக்கிறோம்னு எண்ணிப் பாத்தியா?" என்றேன். அவன் மோட்டரின் தகட்டைப் படித்தவன். நான் மூன்று நாள் ரோலர் பக்கத்தில் நின்று எண்ணியவன். நாளுக்கு நாற்பத்தேழு தடவை! அதனால்தான் இரண்டு அளவு பெரியதாக உங்களிடம் கேட்டேன்.

மாட்டும்போதும் அவன் இடம் போதவில்லை என்று படுக்கவைத்து மாட்டப் பார்த்தான். விடுவேனா? கரண்டை நிறுத்தினால் அந்த இரும்பு தன் கனத்திலேயே விழ வேண்டும். படுக்கவைத்தால் எங்கே விழும்? நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மயிரிழை சாயாமல் செங்குத்தாக மாட்டினேன். ரோலர் ஆடினால் சுவரும் ஆடும் என்று தனி இரும்புச் சட்டத்தில், பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஷீட்டை மடித்து அடியில் வைத்து முடுக்கினேன். தோட்டத்துத் துரையே வந்து பார்த்து, "வெரி குட், நல்லையா" என்று கான்டாக்டர் இருக்கும் தகரப் பெட்டியின் சாவியை என் கையிலேயே கொடுத்தார். பள்ளிக்கூடம் மிதிக்காத கை இது, மாப்பிள்ளை.

பதினோரு நாள் பூப்போல ஓடியது. ஆயுத பூஜைக்கு மற்றவர்களைப் போல வெளித் தகரத்தில் பொட்டு வைத்துவிட்டு வருபவனா நான்? தகரமா வேலை செய்கிறது? மெயினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, வேலை செய்யும் இரும்புக்கே குளிரக் குளிரச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் பொத்தானை அழுத்தினால், கடகடவென்று பல்லடித்துக்கொண்டு வண்டுக் கூட்டம் போல் இரைகிறது உங்கள் கான்டாக்டர்! மோட்டர் முக்குகிறது, கொழுந்து ரோலரிலேயே கிடந்து புளிக்கிறது, டீமேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை, "சனிக்கிழமைக்குள்ள சரி வரல்லன்னா சாவிய காமில்கிட்ட குடு" என்று சொல்லிவிட்டார்.

காமில், "அண்ணே, ஒருக்கா தொறந்து பாப்பமே" என்கிறான்.

"நான் மாட்டினத நீ என்ன தொறந்து பாக்கிறது? பழுது கொழும்புல இருக்கு!"

ஆகவே உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்: காந்தச் சுருளை வேறு ஊர்க் கரண்டுக்குச் சுற்றியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் கண்டவுடன் புதியதை ரயிலில் ஏற்ற வேண்டும். மகள் கொடுத்த வீடு என்று பார்க்க மாட்டேன். சாவி போனால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காப்பாராக.

மாமன்,
நல்லையா

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது உங்கள் அத்தை, "அந்த ரெண்டு இரும்பும் ஒட்டுற எடத்துல அப்பினீங்களே சந்தனம், அது காஞ்சு கல்லாயிருக்காதா?" என்று கேட்டாள். கேள்வியை நிறுத்தத்தான் போய்த் திறந்தேன். இரண்டு இரும்பும் ஒட்டவிடாமல், ஒரு ரூபாய்க் காசுத் தடிமனுக்குக் காய்ந்து கிடந்தது. துணியால் துடைத்தேன். இப்போது சத்தமே இல்லை. ரோலர் ஓடுகிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. புதியது அனுப்ப வேண்டாம். ஆனால் மேலே எழுதியதில் ஓர் எழுத்தையும் அடிக்க மாட்டேன். இந்த ஊருக்கு விற்கிறவன் பொட்டு வைக்க ஓர் இடம் விட்டல்லவா செய்திருக்க வேண்டும்? காமில் வந்து பெட்டியை மோந்து பார்த்து, "அண்ணே, சந்தனம் மணக்குதே" என்றான். நல்ல காந்தம் சூடேறினால் அப்படித்தான் மணக்கும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.