நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நாற்பத்தொரு பேர்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டில் உள்ள எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதிலும் நீ மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகத்தோடு இருக்க வேண்டும், ஏனென்றால் மேற்கொண்டு படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். உட்கார்ந்து படி.

நீ தொகுத்து அரசாங்கம் அச்சிட்ட மாவட்டக் கையேடு தபாலில் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் அன்போடு கையெழுத்தெல்லாம் போட்டிருந்தாய். உன் அக்கா அதை மேஜை மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நம் ஊரைத் தேடினேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. மொத்தம் மூன்று வரி. "சிறிய ரயில்வே குடியிருப்பு. மக்கள்தொகை 41. குறிப்பிடத்தக்க வரலாறு இல்லை." அதற்குக் கீழே, அடுத்த ஊர் ஓட்டுத் தொழிற்சாலையின் புகைக்கூண்டைப் பற்றி முக்கால் பக்கம். படத்தோடு.

வரலாறு இல்லை என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? எண்பத்தாறு வருடத்துக்கு முன் இந்த லைன் போட்டபோது இங்கே முள்ளும் கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. மலை ஏறுவதற்கு முன் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கிணறு வெட்டினார்கள். முதல் கிணற்றில் உப்பு, இரண்டாவதில் பாறை, மூன்றாவதில்தான் தண்ணீர். தண்ணீர் வந்ததும் தொட்டி வந்தது, தொட்டியை நிரப்ப பம்ப் வந்தது, பம்பை ஓட்ட ஒரு டிரைவர் வந்தார், அவருக்கு ஒரு வீடு வந்தது, வீட்டுக்கு ஒரு மனைவி வந்தாள், அப்புறம் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன்கள் பத்துப் பேர், அவர்களுக்கு முடி வெட்ட ஒருத்தர், அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் ஒரு வாத்தியார், வாத்தியாருக்குத் துணி தைக்க ஒரு டெய்லர். நான் பத்தொன்பது வயதில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இங்கே வந்து இறங்கியபோது ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. ஊர் ஜனத்தொகையை அதில்தான் எழுதி வைப்பார்கள். அன்றைக்கு முந்நூற்று ஐந்து. மாஸ்டர் என் டிரங்குப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐந்தை அழித்து ஆறு போட்டார். அந்த ஆறு நான்தான். எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

அப்புறம் டீசல் வந்தது. டீசலுக்குத் தண்ணி வேண்டாம். தண்ணி வேண்டாம்னா தொட்டி வேண்டாம், தொட்டி வேண்டாம்னா பம்ப் வேண்டாம், கட்டின வரிசையிலேயே பிரிச்சுக்கிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்தை மூடினாங்க, வாத்தியார் போனார். முடி வெட்டுறவர் கத்தியைச் சுருட்டிக்கிட்டுப் போனார். டெய்லர் மட்டும் போகலை, அவருக்கு எல்லார் அளவும் மனப்பாடம், புது ஊர்ல முதல்ல இருந்து அளக்கணுமாம். ஆனா ஊர் அழியலை மாப்பிள்ளை. காலையில ஆறு நாற்பதுக்கு ஒரு வண்டி டவுனுக்குப் போகும், சாயந்தரம் அதே வண்டி திரும்பி வரும். அந்த ஒரு வண்டியைப் பிடிச்சுக்கிட்டு மில்லுக்குப் போறவங்க, காலேஜுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்கன்னு இருக்கோம். அந்த வண்டியில நீயும் மூணு வருஷம் போயிருக்கே. எங்க வீட்டுக் கூடத்துல படுத்து எழுந்து, உன் அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஹைஸ்கூல் போனவன்தானே நீ. நீ ஒருநாள் பல் விளக்கி முடிக்கலைன்னு நான் சிக்னல் லீவரைத் தள்ளாம வண்டியை ரெண்டு நிமிஷம் ஸ்டேஷனுக்கு வெளியில நிறுத்தி வச்சேன். அதுக்கு எனக்கு மெமோ கொடுத்தாங்க. பயணிகளோட நேரத்தை வீணடிச்சதா அதுல எழுதியிருக்கு. யாரால வீணாச்சுன்னு நான் பதில்ல எழுதலை. இப்ப எழுதியிருக்கணும்னு தோணுது.

சரி, மூணு வரியோட போயிருந்தா நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். உன் புத்தகம் வந்த மறு மாசம் டிக்கெட் கொடுக்குறவர் பிளாட்பாரத் தூண்ல ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டிட்டு என் முகத்தைப் பார்க்காம உள்ளே போயிட்டார். மாவட்டக் கையேட்டின்படி ஐம்பது பேருக்குக் குறைவா ஜனம் இருக்குற ஊர்கள்ல அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து வண்டி நிற்காது. ஐம்பது. நீ போட்டது நாற்பத்தொண்ணு. யார் கொடுத்த நம்பர் அது? நீ இங்கே வந்தது ஒரே ஒரு மத்தியானம். வந்தே, சாப்பிட்டே, விசிறியைப் போட்டுக்கிட்டு ஈசி சேர்ல சாய்ஞ்சே, நாலு மணிக்கு எழுந்து காபி குடிச்சே, சாயந்தரம் கிளம்பிப் போயிட்டே. ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருப்பியா? கேங் குவார்ட்டர்ஸ் பக்கம் எட்டிப் பார்த்திருப்பியா? கனவுல எண்ணினியா?

நான் எண்ணினேன். எனக்கு முட்டி வலி, உனக்குத் தெரியும். பதினாலு வீடு, ஒவ்வொண்ணுக்கும் மூணு படி. டெய்லர் என்னை நிக்க வச்சு, "நீங்க இடுப்புல ரெண்டு இஞ்ச் ஏறிட்டீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் தன் குடும்பக் கணக்கைச் சொன்னார். நடுவுல சுவர் எழுப்பிக்கிட்டுப் பேச்சுவார்த்தை இல்லாம இருக்குற ஓரகத்திகள் ரெண்டு பேரும், அடுத்த வீட்டு எண்ணிக்கையைத் தன் வீட்டு எண்ணிக்கைக்கு மேல எழுதக் கூடாதுன்னு சண்டைக்கு வந்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிச் சமாதானம் பண்ணினேன். கடைசியில கூட்டிப் பார்த்தா ஐம்பத்து மூணு. மூணு தடவை கூட்டினேன். மனு எழுதிப் போட்டோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு சரிபார்ப்பு அதிகாரி வியாழக்கிழமை வருவார்னு பதில் வந்துது.

நான் மறுபடியும் பதினாலு வீடு ஏறி இறங்கி, வியாழக்கிழமை ஒரு ஈ காக்கா நகரக் கூடாது, மில்லுக்கு லீவு, காலேஜுக்கு லீவு, எல்லாரும் பிளாட்பாரத்துல நிக்கணும்னு சொல்லி வச்சேன். அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஆள் மலைப் பக்க முகாம்ல இருந்து எதுல வந்து இறங்கினார்ங்கிறே? ஆறு நாற்பது வண்டியில. எதிர்ல ஐம்பத்து மூணு பேர் வரிசையா நிக்கிறோம், எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. அவர் நோட்டை விரிச்சு, பேனா மூடியைக் கழற்றி, தேதி போட்டு, கோடு கிழிக்க ஆரம்பிச்சார்.

அப்பதான் பம்ப் டிரைவரைப் பார்த்தேன். கடைசி பம்ப் டிரைவர், உனக்கு நீச்சல் கத்துக் கொடுத்தவர். அவருக்கு இப்ப ரெண்டு சிறுநீரகமும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் டவுன் ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிக்கணும். வியாழன் அவரோட நாள். எனக்கு அது ஞாபகமே வரலை மாப்பிள்ளை. மூணு தடவை பட்டியலைக் கூட்டிப் பார்த்தவனுக்கு அது ஞாபகம் வரலை. பெஞ்சில உட்கார்ந்திருந்தார், கால் ரெண்டும் வீங்கி, செருப்புக்குள்ள போகாம வெறுங்காலா வச்சிருந்தார். அவர் மருமகள் அதே ஆஸ்பத்திரியில நர்ஸ். பக்கத்துல நின்னு கெஞ்சிக்கிட்டு இருந்தா.

"மாமா, ஏற்கெனவே நடுவுல ரெண்டு நாள் ஆயிடுச்சு. இன்னைக்கு விட்டா மூச்சு முட்டும். ஏறுங்க."

"ஒரு ஆள் குறைஞ்சா வண்டி நிக்காதும்மா. வண்டி நிக்கலைன்னா எல்லா நாளும்தான் மூச்சு முட்டும். நான் இருந்து எண்ணிக்கையில சேர்ந்துக்கிறேன்."

நான் போய், "அண்ணே, ஏறுங்க"ன்னேன்.

"நீதானப்பா ஒருத்தர் நகரக் கூடாதுன்னு வீடு வீடா வந்து சொன்னே?"

"நான்தான் சொன்னேன். இப்ப ஏறுங்கன்னும் நான்தான் சொல்றேன். ரெண்டுல எதைக் கேப்பீங்க?"

நானும் டெய்லரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கி ஏத்தினோம். பாரமே இல்லை. அந்தக் காலத்துல நிலக்கரி மூட்டையைத் தனியாத் தூக்கினவர். மருமகளும் ஏறிக்கிட்டா. கார்டு கொடியைத் தூக்கிட்டார். அப்ப மில்லுக்குப் போற பொண்ணு ஒருத்தி, "பெரியவரே போறார், எனக்கும் இன்னைக்கு லீவு போட்டா வேலை போயிடும்"னு ஏறினா. அவ்வளவுதான். காலேஜ் பிள்ளைகள் ஏறினாங்க, கேங்மேன்கள் ஏறினாங்க, ஓரகத்திகள்ல ஒருத்தி ஏறினதும் இன்னொருத்தி விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு அடுத்த பெட்டியில ஏறினா. என்ன சொல்லுவேன், முதல் ஆளை ஏத்தினதே நான். அதிகாரி கோடு கிழிச்சு முடிச்சுத் தலையைத் தூக்கினப்ப வண்டி வளைவு தாண்டியிருந்துது.

முப்பத்தொரு பேர் இருந்தோம். டீக்கடைக்காரருக்குக் கடை லைனுக்கு இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம், காகிதத்துல அது அடுத்த ஊர். "எந்தப் பக்கம் தூங்குவீங்க?"ன்னு அதிகாரி கேட்டார். "எனக்கு எங்கே சார் தூக்கம்"னு இவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சார். அதிகாரி அவரை அடிச்சுட்டார், நோட்டுலதான். முப்பது. நான் ஏறிப் போனவங்க பேரையெல்லாம் சொன்னேன். ஆளைக் கண்ணால பார்க்கணும்னார். சரி, சாயந்தரம் வருவாங்க, இருந்து பாருங்கன்னேன். அவருக்கும் முகாமுக்குத் திரும்ப அதே வண்டிதான், இருந்தார். உன் அக்கா கையால சாப்பிட்டார். நீ சாய்ஞ்ச அதே ஈசி சேர்ல சாய்ஞ்சார். அந்த நாற்காலியை உடைக்கணும்னு இருக்கேன்.

சாயந்தரம் வண்டி வந்து நின்னுது. இருபத்திரண்டு பேரும் அவர் கண் எதிர்லயே இறங்கினாங்க. பம்ப் டிரைவர் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு, சொந்தக் கால்ல இறங்கினார். நான் ஒவ்வொருத்தரா விரலை நீட்டிக் காட்டினேன்.

"இவங்க ரயில் பயணிகள்"னார்.

"இந்த ஊர்க்காரங்க சார். இறங்கி வீட்டுக்குத்தானே போறாங்க."

"இறங்குறவங்க கணக்கு வேற பிரிவு பெரியவரே. எனக்குக் காலையில ஊர்ல இருக்குறவங்க கணக்குதான்."

"காலையில வண்டி இருக்குறதாலதானே சார் போனாங்க. ரயில் வேணும்னு கேக்குற ஊர்ல ரயில் ஏறினது குத்தமா?"

அவர் யோசிச்சார். நல்ல மனுஷன்தான் போல, நெற்றியைச் சொறிஞ்சுக்கிட்டே யோசிச்சார். அப்புறம், "நான் எதை எழுதினாலும் செல்லாது. அச்சுல நாற்பத்தொண்ணுன்னு இருக்கு. கையேட்டைத் தொகுத்தவரே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் மாத்துவாங்க. அவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"ன்னார்.

தெரியுமாவாம். அவர் வண்டி ஏறுற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை. எந்த வாயால என் மச்சினன்னு சொல்லுவேன்?

ஆகவே, மாப்பிள்ளை, உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்ற வைராக்கியத்தை ஊருக்காக விடுகிறேன். ஐம்பத்து மூன்று என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, ஒண்ணாம் தேதிக்குள் ரயில்வேக்கு அனுப்பு. அனுப்பினால் நீ மனுஷன். அனுப்பாவிட்டால் இந்த வீட்டுக் கூடத்தில் இனி உனக்குப் பாய் விரிக்க மாட்டோம். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் பெற்று, பெரியவர்கள் ஆனபின் எதையும் எண்ணிவிட்டு எழுதும் பழக்கத்தோடு வளர ஆசீர்வதிக்கிறேன்.

மிகுந்த கோபத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: மூன்று நாளாக எழுதிய இந்தக் கடிதத்தை உறையில் போடும் முன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "யார் கொடுத்த நம்பர்" என்ற இடம் வந்ததும், "நீங்க கொடுத்த நம்பர்"னா. அன்றைக்கு நீ எத்தனை பேர் இருப்பாங்க அத்தான்னு கேட்டாயாம். நான் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வாயில் திருகாணியோடு, "நாப்பது நாப்பத்தொண்ணு இருக்கும்"னேனாம். ஊர் வரலாறு ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டதற்கு, "இந்த ஊருக்கு என்ன வரலாறு, வேலையைக் கெடுக்காதே"ன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவள் நான் போட்டிருந்த சட்டை நிறம் வரைக்கும் சொல்கிறாள். நோட்டீஸ் ஒட்டின அன்றே அவள் உனக்கு போன் பண்ணினாளாம், நான் எண்ணி முடித்ததும் ஐம்பத்து மூன்று என்றும் சொன்னாளாம், நீ லீவு போட்டு ரயில்வே ஆபீசுக்கு நேரில் போய்த் திருத்தம் கொடுத்துவிட்டாயாம். அது அத்தான் சொன்ன நம்பர் என்று அவரிடம் சொல்லாதே அக்கா, மனசு கஷ்டப்படுவார் என்று வேறு சொன்னாயாம். இன்று காலை டிக்கெட் கொடுக்கிறவர் நோட்டீஸைக் கிழித்துவிட்டார். வண்டி நிற்கும். கடிதத்தையும் கிழிக்கத்தான் நினைத்தேன், ஆனால் ஊர் வரலாறு முழுதும் இதில்தான் இருக்கிறது. அடுத்த பதிப்பில் திட்டினதை எடுத்துவிட்டு மீதியைப் போடு. எது திட்டு, எது வரலாறு என்று பிரிக்கத் தெரியாவிட்டால் உன் அக்காவைக் கேள்.