ஓதுவார் வாய் திறந்தால் ஆப்சென்ட்

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தேவாரம் பாட, எழில்மதி என்கிற ஓதுவாரை மேலிடம் முறைப்படி நியமித்தது. முறைப்படி நியமித்தால் முறைப்படி கண்காணிக்க வேண்டாமா? அதற்கென்று ஒரு செல்போன் ஆப் வந்தது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை, அவர் பாடும்போதே எதிரில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முகம் பொருந்தினால் பணியில் இருக்கிறார் என்று பொருள். பொருந்தாவிட்டால் வரவேயில்லை.

முதல் வாரம் ஏழு நாளும் ஆப்சென்ட். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. இப்படியே போனால் வேலை போய்விடும் என்று செயல் அலுவலர் தீனதயாளனிடம் ஓடினார் எழில்மதி. அலுவலர் ஆவணங்களை நெடுநேரம் ஆராய்ந்து குறையைக் கண்டுபிடித்தார்.

“அடையாள அட்டையில வாய மூடிக்கினு கீறீங்க. பாடும்போது தொறந்துடறீங்க. ஆப்பு எப்படிம்மா ஏத்துக்கும்?”

“வாயத் தொறக்காம எப்படி சார் பாடறது?”

“பாட வேணாம்னு நான் சொன்னேனா? தாராளமா பாடுங்க. மூடிக்கினு பாடுங்க.”

“வாயத் தொறந்த போட்டோ ஒண்ணு குடுத்துடட்டுங்களா?”

“அட்டையில வாயப் பொளந்துக்கினு நிக்க விதியில இடமில்லம்மா.”

கரும்பு வெட்டப் போய்த் தன்னைப் படிக்கவைத்த அம்மாவை நினைத்து, எழில்மதி விதியை மதித்தார். மறுநாளிலிருந்து கையில் தாளத்தோடு, வாயை இறுக மூடிக்கொண்டு சாமி முன்னால் நின்றார். வருகை நூறு சதவீதம். சாமியிடமிருந்தும் ஆட்சேபணை எதுவும் வரவில்லை. ‘இசைப்பணியில் முன்மாதிரி’ என்று சுற்றறிக்கையில் பாராட்டு வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பணி நிரந்தர ஆணை கைக்குக் கிடைத்தது. அன்று மாலை எழில்மதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து மண்டபம் அதிரப் பாடினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் பக்கத்தில் நின்று போனில் வாழைத்தார் விலை பேசிக்கொண்டிருந்த செல்லமுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாம்மா, திடீர்னு இப்படிக் கத்தற? நேத்து வரைக்கும் நல்லாத்தானே பாடிக்கினு இருந்த?”

எழில்மதி பாட்டை நிறுத்தினார்.

“நேத்து வரைக்கும் நான் பாடவேயில்லீங்க.”

மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள்கூடத் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.