பின் அடித்த பூதங்கள்

மதுரையில் பயந்தாங்கொள்ளிகளுக்கென்று ஒரு தேர்தல் வைத்தால் ஸ்டேப்ளர் அக்கா போட்டியின்றி ஜெயித்திருப்பார். கரப்பான்பூச்சி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், குக்கர் விசிலுக்குக்கூடத் தூக்கிவாரிப்போடும். அப்படிப்பட்டவர் படித்ததெல்லாம் பூதக் கதைகள். அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதிய, அட்டையிலேயே ரத்தம் சொட்டும் இங்கிலீஷ் நாவல்கள்.

அண்ணா நகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் அவர் என் அறைத்தோழி. மிஷன் பள்ளி ஒன்றின் ஆபீஸில் வேலை. கைப்பையில் எப்போதும் ஸ்டேப்ளர் இருக்கும். கதையில் பூதம் வரும் வாடை அடித்தால் போதும், அந்தப் பக்கங்களைச் சேர்த்து டக்கென்று பின் அடித்துவிட்டு மேற்கொண்டு படிப்பார். தைரியம் வந்த நாளில் பின்னை நகத்தால் நெம்பிப் பிரித்துப் படித்து, அலறி, தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

"அம்புட்டுப் பயமா இருந்தா எதுக்குக்கா படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மாவே நெஞ்சு படபடங்குது. எதுக்குன்னே தெரியல. இதுலன்னா, இந்தா, இந்தப் பூதத்துக்குத்தான்னு கையக் காட்டலாம்ல?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நாளில் அதே படபடப்பு என்னையும் தேடி வந்தது. மேலூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், காரணமே இல்லாமல் மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்றம் என்றார் டாக்டர். ஆனாலும் அதன்பிறகு பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. பேரையூரிலிருந்து அம்மா மந்திரித்த கயிறு கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

அக்கா ஒரு நாவலைக் காட்டினார். நெஞ்சுக்குள் பூதம் குடியிருக்கும் ஒரு பெண்ணின் கதை. நடுவில் பின் அடித்த பக்கங்கள், கடைசியிலும் அப்படியே.

"நடுவுல பஸ் சீன் வருது, ஒனக்கு இப்ப வேணாம். கடைசி அத்தியாயம் எனக்கே பயம். ஒருநா ரெண்டு பேரும் சேந்து படிப்போம்."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஒத்தக்கடை தாண்டியதும் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. "எறங்கிருவோம்க்கா" என்றேன். அக்கா அந்த நாவலை எடுத்து, நடுப் பின்னைப் பிரித்து, கதையை என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பூதம் பஸ்ஸில் ஏறும் இடத்தில் "ஏசப்பா!" என்று அவர் போட்ட அலறலில் டிரைவர் பிரேக்கே அடித்துவிட்டார்.

கண்டக்டர் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. கதைல பூதம் பஸ்ஸுல ஏறிருச்சு."

"ஏறட்டும். டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிக்க மூச்சு வேண்டுமே, அது எப்படியோ வந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மேலூரில் இறங்கி வேலைக்குப் போனேன்.

பிறகு கல்யாணமாகி மேலூரிலேயே தங்கிவிட்டேன். போன வருடம் அக்கா காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய புத்தகப் பெட்டியை விடுதியிலிருந்து எனக்கு அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாப் பின்களையும் பிரித்துப் படித்து முடித்திருந்தார். அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் மட்டும் பின் அப்படியே இருந்தது. சேர்ந்து படிப்போம் என்றவர், எனக்காகக் காத்திருந்திருக்கிறார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது பஸ்ஸில் தனியாகத்தான் போய்வருகிறேன். அந்தப் பின்னை மட்டும் பிரிக்கவில்லை. அக்கா பக்கத்தில் இல்லாமல் பயப்பட எனக்குப் பிடிக்கவில்லை.