ஆர்கன்காரர் செய்த சமாதானம்

"என் தம்பி அழுதான்னு சொன்னீங்களே, உட்கார்ந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?" என்று தச்சர் கேட்டார்.

"நின்னுக்கிட்டுத்தான்" என்றார் ஆர்கன்காரர்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் அவர். பாடகர் குழுவில் தச்சர் ஒரு ஓரம், அவர் தம்பி எலெக்ட்ரீஷியன் மறு ஓரம். அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் சுருதி சேர்ந்தால் மற்றவர் வேண்டுமென்றே இறங்கிப் பாடுவார். பொறுத்துப் பார்த்த ஆர்கன்காரர், அண்ணன் மன்னிப்புக் கேட்டு அழுததாகத் தம்பியிடமும், தம்பி அழுததாக அண்ணனிடமும் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாட்டு தேனாய்ப் பாய்ந்தது.

பிறகுதான் கேள்விகள் தொடங்கின. அண்ணன் எதால் கண்ணைத் துடைத்தார் என்று தம்பி விசாரித்தார். நீலக் கைக்குட்டையால் என்று ஆர்கன்காரர் சொல்லி வைத்தார். அண்ணனிடம் நீலமே கிடையாதே என்றார் தம்பி. அது என்னுடையது, நான்தான் கொடுத்தேன் என்று இவர் சமாளித்தார். அதைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்றார் தம்பி. ஆர்கன்காரர் கடைக்கு ஓடி ஒன்று வாங்கிவந்து நீட்டினார். அதில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதை உரித்து, அவர் கையிலேயே ஒட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து யார் இருமினாலும் அவருக்குச் சந்தேகம். இரண்டு பேர் தனியாக நின்றால் நடுவில் போய் நின்றார். கடைசியில் பாஸ்டரிடமே போய்விட்டார்.

"பொய்தான் ஐயா. ஆனா ரெண்டு பேர் சேர்ந்துட்டாங்களே, அது நல்லதுதானே?"

நன்மை வரும் என்பதற்காகத் தீமை செய்வதை வேதம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பாஸ்டர். "சேர்ந்தது கர்த்தர் செஞ்ச நல்லது. பொய் நீங்க சொன்னது. அதையும் அவர் தலையில கட்டாதீங்க. போய் உண்மையைச் சொல்லுங்க."

தச்சர் வீட்டுக்குப் போனார். உள்ளே அண்ணனும் தம்பியும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வந்த தச்சரின் மனைவியிடம், நான் சொன்னதெல்லாம் பொய், ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார்.

அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அது அவங்களுக்கு முதல் நாளே தெரியும், அண்ணே. உங்களை நம்பக் கூடாதுங்கிற ஒரே விஷயத்துலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போயிருக்காங்க. இப்ப போய் உண்மையைச் சொல்லிக் கெடுத்துடாதீங்க."