மலைக்குப் பெயர் அனுப்பிய அண்ணை

சுவிஸில் பீல் நகரத்துத் தமிழர்களை மலையண்ணை அளவுக்குப் பயமுறுத்திய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. வதிவிட அனுமதியை நிறுத்துகிற அதிகாரிகூட அவருக்குப் பிறகுதான். இத்தனைக்கும் அவர் கையில் இருந்ததெல்லாம் ஒரு பென்சிலும் ஒரு நீளக் கொப்பியும்.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் எனக்கு அடுத்த மேசை. கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் மதம் சொல்ல வந்தபோது நாங்களெல்லாம் கதவைச் சாத்த, இவர் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். அடுத்த கோடையில் அவர்களுடைய மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டார். ஐரோப்பாவில் அவர்கள் கட்டிய முதல் ஆலயம் பேர்ண் பக்கத்தில் திறந்த வருடத்திலேயே தானும் பிறந்ததாக ஒரே பெருமை. அதன்பிறகு எந்த வருடத்தைச் சொன்னாலும் மோர்மன் வரலாறுதான் பதிலாக வரும்.

“மனுசி பிறந்தது எழுபத்தெட்டில, அண்ணை.”

“ஓ, கறுப்பு ஆக்களுக்கும் குருப்பட்டம் குடுத்த வருசம்.”

“அதுக்கு முந்தி ஏன் குடுக்கேல்லை?”

கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிழைதான் விட்டவை. அதையும் மறைக்காமல் சொல்லவேணும்.”

மனிதர் பொய்யே சொல்லமாட்டார். அதுதான் பெரிய கரைச்சல்.

ஒரு வருடத்துச் சாப்பாட்டைச் சேமித்து வைப்பது அவர்கள் வழக்கமாம். கட்டடத்தின் அடியில் உள்ள பதுங்கறையில் அரிசி மூட்டைகளை அடுக்கினார். அதைக் கண்ட என் மனைவி, “இவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. இஞ்சையும் சண்டை வரப்போகுது” என்று நடுங்கினாள். நாங்களும் ஆறு மூட்டை வாங்கினோம்.

அமெரிக்காவில், யூட்டாவில், மோர்மன்கள் ஒரு கருங்கல் மலையைக் குடைந்து, இறந்துபோனவர்களின் பெயர்களைப் படச்சுருள்களில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் பெயர்களும் அந்த மலைக்குப் போகவேண்டும் என்று இவருக்கு ஆசை. மலையண்ணை என்ற பட்டம் அப்படி வந்ததுதான். ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போய், “தேப்பன் பேர்? அப்பப்பா பேர்? எந்த ஊர்?” என்று எழுதத் தொடங்கினார். பெயர் எழுதுகிற ஆட்களுக்குப் பயந்துதானே நாங்கள் நாட்டைவிட்டே ஓடிவந்தோம். போதாக்குறைக்குத் தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கமாட்டார், சபைக் கட்டுப்பாடு. தேத்தண்ணி குடிக்காத யாழ்ப்பாணத்தான் உளவாளியாகத்தான் இருக்கவேண்டும் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு அவர் கொப்பியோடு வந்தபோது அன்னதான வரிசையே கலைந்தது.

என் பயம் வேறு. நான் இந்த நாட்டுக்கு வந்தது என் தமையனின் பெயரில். அவனை ஒருநாள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு நான் வந்து இறங்கினேன். சுவிஸ் பதிவுகளில் தமையன் பீலில் சுகமாக இருக்கிறான். நான்தான் பிறக்கவே இல்லை. (இந்தப் பத்திரிகைப் பத்திக்கு நான் போடுவதும் புனைபெயர்தான், தேடவேண்டாம்.) குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, என்னைப் பற்றி நற்சான்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். குடியில்லை, புகையில்லை என்று மலையண்ணையின் பெயரைக் கொடுத்துத் தொலைத்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

“சுடுதண்ணி காணும், தங்கச்சி” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொப்பியை விரித்தார். “சூரிச் பக்கம் ஊஸ்டரில உங்கட ஊர்க்காரர் ஒராளைக் கண்டனான். உம்மட தேப்பனுக்கு ரெண்டு பொடியள் எண்டார்.”

இரண்டு பெயர்களும் பென்சிலில் இருந்தன. முடிந்தது கதை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறவேண்டியதுதான் என்று நினைத்தேன். சமையலறையில் மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“பயப்பிடாதையும். உயிரோட இருக்கிற ஆக்களின்ரை பேரை நான் அனுப்பிறேல்லை. செத்த ஆக்களின்ரை பேரும் சொந்தக்காரர் ஓம் எண்டால்தான்.” குரலைத் தாழ்த்தினார். “இதில ஆர் உயிரோட இருக்கிறது?”

இருபத்தாறு வருடமாக என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இளையவனின் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

“மற்றது?”

“அனுப்பவேண்டாம் அண்ணை. அவன் வந்தாலும் வருவான்.”

தலையை ஆட்டினார். இரண்டு பெயர்களையும் அழித்தார். சுடுதண்ணியை மிச்சம் விடாமல் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வேலை நேரத்தில் நகரசபையிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. பக்கத்து மேசையில் நான் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினேன். என்னைப் பதினெட்டு வருடமாகத் தெரியும், நம்பலாம் என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

“பேரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் கரைச்சல்” என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார்.

பிறகு என் பக்கம் சரிந்து, என் சொந்தப் பெயரை மெதுவாகச் சொல்லி, “அந்தச் சின்ன ஸ்க்ரூட்ரைவரைத் தாரும்” என்றார்.

மனைவி வழக்கப்படி “இஞ்சருங்கோ” என்பாள். அம்மா போனபிறகு அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளில்லை. பயத்தில் சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் கவனிக்கவில்லை. ஸ்க்ரூட்ரைவர் என் கையில்தான் இருந்தது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று, காது கேளாதவன்போல் குனிந்துகொண்டேன்.