நல்ல நேரத்துக்கு முன்னால் கத்திய பெட்டி

வாசல் புங்க மரத்தடியில் பலூனுக்கு நூல் வெட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். பௌர்ணமி நெருங்கிவிட்டது. கிரிவலக் கூட்டத்துக்கு முந்நூறு நூலாவது வேண்டும்.

என் வீட்டுக்காரர் வேணு கேஸ் பலூன் விற்பவர். எங்கள் ஒற்றை அறையில் நிற்கும் ஹைட்ரஜன் சிலிண்டர் போன வாரம் கசிந்தது. அந்த கேஸுக்கு வாடை கிடையாது. வாய்ப்பக்கம் சோப்பு நுரை தடவினேன். குமிழ் குமிழாக வந்தது. குழந்தை ஓவியாவின் தூளியை உடனே இந்த மரத்துக்கு மாற்றினேன். சிலிண்டரையும் அன்றே வெளியில் உருட்டியிருக்கலாம். புத்தி கெட்டுப்போய் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம்.

ஆபீசர் சக்கரவர்த்தி ஜீப்பில் வந்தார்.

"கசியுதுன்னு யார் சொன்னது?"

"சோப்பு நுரைங்க" என்றார் இவர்.

"சோப்பு என்ன அரசு அங்கீகாரம் பெற்ற கருவியா? ஒயர்லெஸ் சென்சார் வந்திருக்கு. இங்க கசிஞ்சா அங்க ஆபீஸ்ல பெட்டி கத்தும். அது கத்துற வரைக்கும் மேற்படி சிலிண்டரை அசைக்கக் கூடாது."

சிலிண்டருக்குச் சங்கிலி போட்டு, அறைக்குள்ளேயே சீல் வைத்தார்கள். இன்று காலை சென்சாரைச் சுவரில் மாட்டினார்கள். காற்று வந்தால் அதற்கு மோப்பம் கலைந்துவிடுமாம், ஜன்னலை அடைத்தார்கள். புது சென்சாருக்குப் பூஜை போட மொத்த ஆபீசும் இங்கே வந்துவிட்டது. அங்கே மிச்சம், கூட்டிப் பெருக்கும் ஜோதியம்மாள்தான். ஆபீசர் செல்லில் அந்தம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயா, பொட்டி கத்திக்கினே கீதுங்க!"

"பூஜையே ஆவல, அதுக்குள்ள என்ன கத்தல்? நல்ல நேரம் பத்தரைக்குத்தான். ஒயரைப் புடுங்கு."

"ஒயரே இல்லாத மெஷின்னு சொன்னீங்களே?"

"கரண்டு ஒயரும்மா!"

கத்தல் நின்றது. ஆகவே கசிவும் நின்றதாகப் பதிவேட்டில் எழுதினார்கள்.

தெருப் பெண்கள் பூவும் கற்பூரமுமாக அறைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். போட்டோக்காரரும் வந்தாச்சு. சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைத்தவனை ஒருநாள் அடிக்கப் போன இவர், இப்போது புதுச் சட்டை மாட்டிக்கொண்டு சென்சாருக்குச் சந்தனம் வைக்கிறார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? போட்டோவுக்கென்று ஓவியாவுக்குப் பவுடர் போட்டு வைத்திருக்கிறேன். ஆபீசர் எதிரில் எனக்கு வாய் வராது.

"ஓவியாம்மா! பாப்பாவத் தூக்கிக்கினு, அப்படியே தீப்பெட்டியும் எடுத்துக்கினு வா! பாப்பா கையால கற்பூரம் ஏத்தணும்னு சார் சொல்றாரு!"

இவர்தான் கூப்பிடுகிறார். இன்றைக்கு எல்லார் எதிரிலும் வாயைத் திறந்து சொல்லிவிடப் போகிறேன், ஐயா, தீக்குச்சியை மட்டும்—